நூலகத்தில் நிகழ்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டக் கூட்டங்களிலும் நூலக வார விழா நாட்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாடு அரசின் பொது நூலக இயக்ககத்துக்குக் கீழே இருக்கும் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியது. பதில் சொல்பவர் நூலகர் அல்ல, வாசகர் வட்டத்துப் பெஞ்சில் உட்காரும் ஆள். அதனால் இதைத் துறையின் குரலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நூலகத்தில் நிகழ்ச்சி என்றால் என்னென்ன?

பெரும்பாலான ஊர்களில் நடப்பது சில வகைதான். நூல் அறிமுகக் கூட்டம், எழுத்தாளர் சந்திப்பு, பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள், போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வழிகாட்டல். மே மாதத்தில் ஒரு கோடை முகாம், நவம்பரில் நூலக வார விழா. அதற்கு மேல் ஊரைப் பொறுத்தது. சதுரங்கப் பலகையை விரித்து உட்காரும் நூலகமும் உண்டு, ஊர் மருத்துவர் வந்து சர்க்கரை நோய் பற்றிப் பேசிவிட்டுப் போகும் நூலகமும் உண்டு.

எதுவுமே நடக்காத நூலகங்களும் நிறைய. மாநிலத்தில் 4,600க்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. ஊர்ப்புற நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவேடு எழுதுவது, கதவைப் பூட்டுவது எல்லாம் அவரே. நிகழ்ச்சியையும் அவர் தலையில் கட்டிவிட்டு, நடக்கவில்லையே என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. வாசகர்கள் கை கொடுக்கும் ஊரில்தான் ஏதாவது நடக்கிறது.

நான் உறுப்பினர் இல்லை. வரலாமா? கட்டணம் உண்டா?

தாராளமாக வரலாம். கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, வாசலில் யாரும் அட்டை கேட்கப்போவதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் அட்டை தேவை. அதற்கும் சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுவரி கட்டுகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். சொத்துவரியில் 10 சதவீதம். 1948இல், ஓமந்தூரார் முதல்வராகவும் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராகவும் இருந்தபோது வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பங்கு சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதனுடையது. ஆகவே "சும்மா வந்து உட்காரலாமா" என்று கூச்சப்பட வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருந்தாலும் சரிதான்.

வாசகர் வட்டம் என்பது என்ன? யார் சேரலாம்?

நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூடி அமைத்துக்கொள்ளும் குழு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சிலர் வாசகர்களிலிருந்தே இருப்பார்கள், நூலகர் கூட இருந்து ஒருங்கிணைப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், அஞ்சல் ஊழியர் என்று கலவையாக இருக்கும். சேர்வதற்குத் தகுதி எதுவும் இல்லை. நூலகரிடம் போய்ப் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்தால் போதும், வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். காலை வணக்கப் படங்களைச் சகித்துக்கொள்வது உங்கள் பாடு.

எங்கள் ஊரில் வட்டம் இருக்கிறது, ஆனால் பெயருக்குத்தான். உயிர் கொடுப்பது எப்படி?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட்டங்கள் படுத்துப்போவதற்கு முக்கியமான காரணம் பெரிய விழா மோகம். ஆண்டுக்கு ஒரு தடவை மேடை போட்டு, ஃபிளெக்ஸ் கட்டி, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று அழைப்பிதழ் அடிப்பார்கள். அழைப்பிதழில் பதினைந்து பெயர் இருக்கும், கூட்டத்திலும் பதினைந்து பேர் இருப்பார்கள், இரண்டும் ஒரே ஆட்கள். அதோடு களைத்துப்போய் அடுத்த ஆண்டு வரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

மாதம் ஒரு கூட்டம் போதும். ஆனால் நாளும் நேரமும் மாறவே கூடாது. "மூன்றாவது ஞாயிறு மாலை 5 மணி" என்று ஊருக்குப் பழகிவிட்டால் அழைப்பிதழே வேண்டாம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. உங்கள் கிளையின் நேரத்தை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், எல்லாக் கிளைகளும் ஒரே மாதிரி இயங்குவதில்லை.

பேசுவதற்கு வெளியூர் ஆளைத் தேடாதீர்கள். அந்த நூலகத்து அலமாரியில் இருக்கிற ஒரு புத்தகத்தை ஊர்க்காரர் ஒருவர் படித்துவிட்டு இருபது நிமிடம் பேசட்டும். மிச்ச நேரம் மற்றவர்கள் பேசட்டும். மேடைப் பழக்கம் இல்லாதவர் தடுமாறுவார், பரவாயில்லை. தான் அடிக்கடி பார்க்கிற பலசரக்குக் கடைக்காரர் ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதைக் கேட்கவே நாலு பேர் வருவார்கள். அந்தப் புத்தகம் அலமாரியிலேயே இருப்பது முக்கியம். கூட்டம் முடிந்த சூட்டில் யாராவது அதை எடுத்துப்போக வேண்டும். எடுத்துப்போக வழியில்லாத புத்தகத்தைப் பற்றி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அது காற்றோடு போய்விடும்.

பேச்சாளருக்குப் பொன்னாடை வேண்டாம். ஒரு புத்தகம் கொடுங்கள்.

எங்கள் நூலகம் ஒரே ஒரு அறை. பேப்பர் படிக்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் சுளிப்பதில் தவறில்லை. காலையும் மாலையும் நாளிதழ் படிக்க வருகிறவர்கள்தான் சிறிய நூலகங்களின் நிரந்தர வாசகர்கள். மழையானாலும் வெயிலானாலும் வருகிறவர்கள் அவர்களே. அவர்களை விரட்டிவிட்டு இலக்கியம் பேசுவது அழகல்ல.

முடிந்தால் வெளியே நடத்துங்கள். நூலகத் தாழ்வாரம், பக்கத்துப் பள்ளிக்கூடத்து வகுப்பறை, வேப்பமரத்தடி எல்லாம் ஆகும். உள்ளேதான் நடத்த வேண்டும் என்றால் ஒலிபெருக்கி வேண்டாம். முப்பது பேருக்கு மைக் எதற்கு? ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். அப்புறம், பேப்பர் படிக்கிறவர்களையே கூட்டத்துக்கு அழையுங்கள். தலையங்கம் வரை விடாமல் படிப்பவர்கள் அவர்கள், நடப்பு அரசியல் பொருளாதாரம் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தால் அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். நிறுத்துவதுதான் பாடு.

குழந்தைகளுக்கு எந்த மாதிரி நிகழ்ச்சி எடுபடுகிறது?

கதை சொல்வது. அதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் நடைமுறையில் நம் நூலகங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவது போட்டிக்குத்தான். திருக்குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. பரிசு மூன்று பேருக்கு, மற்றவர்கள் வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். அதுவும் ஏற்கெனவே பள்ளியில் பரிசு வாங்கிப் பழகிய அதே மூன்று பேர். போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டுமே போதாது.

கதை நேரத்துக்கு ஒரு பாயும் கதை சொல்லத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் போதும். பாட்டிமார்கள் நிறைய பேர் இதற்குத் தயாராக இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். ஒன்று அழும், மற்றது சலித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். முடிந்ததும் புத்தகங்களைத் தரையில் பரப்பிவிடுங்கள். அலமாரியில் முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தைப் பிள்ளைகள் எடுப்பதில்லை, அட்டைப்படம் தெரிந்தால் கை தானாகப் போகும். கிழித்துவிடுவார்கள் என்று நூலகர் பயப்படுவார். ஒன்றிரண்டு கிழியத்தான் செய்யும். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது. பூட்டி வைத்தால் புத்தம் புதிதாக இருக்கும், யாருக்குப் பயன்?

கோடை முகாமில் காகித மடிப்பு, பொம்மலாட்டம், சதுரங்கம், எளிய அறிவியல் சோதனைகள் எல்லாம் நன்றாகப் போகின்றன. பெற்றோர்களை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்க வேண்டும். "மேம் கேக்குறாங்கல்ல, சொல்லு" என்று பின்னாலிருந்து குத்திக்கொண்டே இருப்பார்கள்.

நான் தேர்வுக்குப் படிக்கிறேன். நிகழ்ச்சி வேண்டாம், அமைதியும் மேசையும்தான் வேண்டும்.

நியாயமான கோரிக்கை. இன்று நகரத்து நூலகங்களில் நிறைந்து உட்கார்ந்திருப்பவர்கள் டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு, காவலர் தேர்வு எழுதுகிற இளைஞர்கள்தான். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து பூட்டும் வரை இருக்கிறார்கள். நிகழ்ச்சி அட்டவணையை ஒட்டும்போது அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும், தேர்வுக்கு முந்தைய வாரம் மேளம் அடிக்கக் கூடாது.

அவர்களுக்கென்றே சில நிகழ்ச்சிகள் செய்யலாம். மாதிரித் தேர்வு மிக எளிது. வினாத்தாளை நகலெடுத்து நேரம் குறித்து எழுத வைத்தால் ஆயிற்று. அதே மேசையில் முன்பு படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

என் புத்தகத்தை நூலகத்தில் வெளியிடலாமா?

வெளியிடலாம். நூலகரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மாவட்ட மைய நூலகக் கூட்ட அரங்கு என்றால் மாவட்ட நூலக அலுவலரின் அனுமதி வேண்டும், சில அரங்குகளுக்கு வாடகையும் உண்டு.

ஆனால் ஒன்று. அங்கே வெளியிட்டால் நூலகத் துறை அந்தப் புத்தகத்தை வாங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியீட்டுக்கும் கொள்முதலுக்கும் சம்பந்தமே இல்லை. கொள்முதல் மாநில அளவில், விண்ணப்பமும் தேர்வும் வைத்து நடப்பது. உங்கள் கிளை நூலகரைப் பிடித்து நச்சரித்துப் பயனில்லை, அவர் கையில் அந்த அதிகாரம் கிடையாது. விருப்பப்பட்டால் இரண்டு பிரதியை நன்கொடையாகக் கொடுங்கள்.

கட்சிக் கூட்டம், மதச் சொற்பொழிவு நடத்தலாமா?

கூடாது. அரசு இடம். அரசியலைப் பற்றிய நூலை விவாதிக்கலாம், பக்தி இலக்கியத்தைப் பற்றிப் பேசலாம். ஓட்டுக் கேட்பதும் ஆள் சேர்ப்பதும்தான் கூடாது. காப்பீட்டு முகவர், பல அடுக்கு வியாபாரக்காரர் ஆகியோர் "விழிப்புணர்வு முகாம்" என்ற பெயரில் வருவார்கள், அவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

மாதக் கூட்டத்துக்கு ஆகிற செலவு தேநீரும் பிஸ்கட்டும். அதை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நூலகத்தின் நிரந்தரத் தேவைக்குப் பணம் கொடுக்க விரும்பினால் புரவலராகச் சேரலாம். ரூ.1,000 கட்டினால் நூலகப் புரவலர், வாசலில் பலகையில் பெயர் எழுதுவார்கள். நாற்காலி, மின்விசிறி, குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி என்று பொருளாகக் கொடுப்பவர்களும் உண்டு. எதுவானாலும் ரசீது வாங்கிக்கொண்டு, நூலகப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நூலக வரியை உள்ளாட்சிகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அது உரிய காலத்தில் வந்து சேர்வதில்லை என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. ஆகவே ஒழுகுகிற கூரைக்கு உடனே பணம் வரும் என்று காத்திருக்க முடியாது. அதற்காக எல்லாவற்றையும் வாசகர்களே கைக்காசு போட்டுச் செய்யவும் வேண்டாம். உங்கள் நகராட்சி உறுப்பினரிடம் நூலக வரி என்ன ஆயிற்று என்று கேட்பதும் ஒரு வாசகர் வட்டப் பணிதான்.

பழைய புத்தகம் கொடுப்பதானால், நீங்களே எடுத்துப் படிக்கக் கூடியதாகப் பார்த்துக் கொடுங்கள். பத்தாண்டுக்கு முந்தைய பாடநூல் உரையையும் கரையான் அரித்த வார இதழ்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம்.

நகராட்சி அறிவுசார் மையம், ஊராட்சி நூலகம் எல்லாம் இதில் சேருமா?

சேராது. நூலகமும் படிப்பு இடமும் சேர்ந்த அறிவுசார் மையங்களை நடத்துவது நகராட்சி, மாநகராட்சிகள். ஊராட்சி நூலகங்கள் பெரும்பாலும் 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்டவை, ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அங்கே கூட்டம் நடத்த ஊராட்சித் தலைவரிடம்தான் கேட்க வேண்டும். வாசலில் எல்லாவற்றிலும் "நூலகம்" என்றே எழுதியிருப்பதால் வரும் குழப்பம் இது. யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் அலைவதைவிட முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகக் கட்டடம் உங்கள் ஊரில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கதை நேரத்துக்குச் சாவி கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள்?

கூட்டத்தை மாலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முடித்தால் யார் வருவார்கள்? அதோடு பல சிறிய நூலகங்களில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் பூட்டியிருக்கும். இந்த இரண்டையும் சரி செய்யாமல் மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைத்து ஒன்றும் ஆகாது. பிள்ளைகளின் கதை நேரத்தையும் அம்மாக்களின் நூல் கலந்துரையாடலையும் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைப்பது நன்றாக வேலை செய்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கூடும் நாளில் புத்தகப் பையோடு அங்கேயே போவது இன்னும் நல்லது.

வயதானவர்கள், பார்வையற்றவர்கள் பங்கெடுக்க முடியுமா?

பெரிய நூலகங்களில் முடியும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் நூல்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சிறிய ஊர்களில் சாய்தளம் கூட இல்லாத நூலகம்தான் அதிகம். படியேற முடியாதவர் வருவதாகத் தெரிந்தால் கூட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள். வாசித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினால் கண்பார்வை மங்கிய பெரியவர்கள் ஆவலோடு வருவார்கள். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்குப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க "நூலக நண்பர்கள்" என்ற தன்னார்வலர் திட்டம் இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அது நடக்கிறதா என்று கேளுங்கள். புத்தகம் ஆளைத் தேடிப் போவது இங்கே புதிதல்ல, 1931இலேயே மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போயிருக்கிறது.

சென்னை, மதுரையில் உள்ள பெரிய நூலகங்களில் என்ன நடக்கிறது?

2010 செப்டம்பர் 15இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பெரிய அரங்கு உண்டு. வாராந்தரப் பேச்சுத் தொடரான "பொன்மாலைப் பொழுது" அங்கே நடந்து வந்திருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு. மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15இல் திறந்தது. அங்கும் குழந்தைகள் பகுதிதான் சனி ஞாயிறுகளில் நிரம்பி வழிகிறது. எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்தது, அதன் பழைய கட்டடத்தைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வந்து "நம்ம ஊரில் இதெல்லாம் எங்கே" என்று பெருமூச்சு விட வேண்டாம். அங்கே அரங்கு, ஊழியர், குளிர்சாதனம் எல்லாம் இருக்கிறது. ஆனால் பேசியவரை மறுநாள் காலை டீக்கடையில் பிடித்து, "நேற்று நீங்க சொன்னது தப்பு" என்று வாதாடும் வசதி சிறிய ஊரில்தான் உண்டு.

நூலக வார விழா எப்போது? என்ன செய்யலாம்?

நவம்பர் 14 முதல் 20 வரை. அது தவிர ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆகஸ்ட் 12 அரங்கநாதன் பெயரில் நூலகர் நாள். வார விழாவில் புத்தகக் கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி, உறுப்பினர் சேர்க்கை, பரிசளிப்பு என்று வழக்கமான ஓட்டம் இருக்கும். நாங்கள் பரிந்துரைப்பது உறுப்பினர் சேர்க்கையை. பக்கத்துப் பள்ளியின் ஒரு வகுப்பை நூலகத்துக்கு அழைத்து வந்து, ஆளுக்கொரு அட்டை போட்டு, அன்றே ஒரு புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. பந்தல் போட நினைப்பவர்கள் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சிப் படங்களை முகநூலில் போடலாமா?

பெரியவர்கள் என்றால் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம். பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் சேர்த்துப் போடுவது கூடவே கூடாது.

கூட்டம் வைத்தோம், நாலு பேர்தான் வந்தார்கள். நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நாலு பேரில் ஒருவர் அடுத்த மாதம் பேச ஒப்புக்கொண்டால் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுங்கள், காலி இடம் தெரியாது. ஆள் சேரட்டும் என்று அரை மணி நேரம் தாமதிக்காதீர்கள், நேரத்துக்கு வந்தவருக்கு அது தண்டனை. ஆறு மாதம் தொடர்ந்து நடத்தியும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் நாளையோ நேரத்தையோ ஒரு தடவை மாற்றிப் பாருங்கள், வருகிறவர்களையே கேட்டு. வருகைப் பதிவேடு ஒன்று போட்டு, தேதி, பேசிய நூல், பேசியவர், வந்தவர்கள் பெயர் எழுதி நூலகரிடம் கொடுத்து வையுங்கள். நூலகர் மாற்றலாகிப் போனால் புதிதாக வருபவரிடம் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.